யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: குடும்பத்தோடு போகும்போது நாம் செய்யும் தவறுகள்

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் மம்மி ரைடு வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும், 122 செ.மீ. என்று. இரண்டு மாதமாக யூடியூபில் அந்த ரைடைப் பார்த்துப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகன் அதன் அடியில் போய் நின்றான், இரண்டு விரல் குறைந்தது. குதிகாலை மெல்ல உயர்த்திப் பார்த்தான். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி அடுத்த வருஷம் வா என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே போனது, அண்ணன்காரன் மட்டும் தனியாகப் போக மனமில்லாமல் நின்றான், எல்லார் முகமும் வாடிவிட்டது. இத்தனைக்கும் அந்த 122 என்ற எண் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அதனால் முதலில் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர்கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102. கிளம்புவதற்கு முன் ஒருமுறை அவர்கள் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காலணி இல்லாமல் அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்டுக்கொண்ட ஏமாற்றம் சின்னது, அங்கே போய் வாசலில் நின்று கேட்பது பெரியது. உயரம் இருக்கிறது என்பதற்காக ஏற்றிவிடவும் வேண்டாம். மம்மி முழுக்க இருட்டுக்குள் ஓடுகிற கோஸ்டர், பத்து வயதுப் பிள்ளையும் பயப்படலாம். சின்னப் பிள்ளையால் ஏற முடியாதபோது பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு காத்திருந்து, மற்றவர் இறங்கி வந்ததும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறி ஏறிக்கொள்ளும் வசதி பல ரைடுகளில் உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்காததால் என் கணவரும் நானும் ஒரே ரைடுக்கு இரண்டு தடவை வரிசையில் நின்றோம்.

திருச்சியிலிருந்து நாங்கள் ஆறு பேர் போனோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பையன்கள். பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் டிக்கெட்டே 80 வெள்ளிக்கு மேல் (சிங்கப்பூர்த் தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). நான்கு வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட், 60 வயதுக்கு மேல் மூத்தோர் டிக்கெட். இவ்வளவு பணம் கொடுத்து உள்ளே போனால் கிடைப்பது காலை பத்து மணியிலிருந்து சுமார் ஏழு மணி வரையான பொழுதுதான், சில நாள் அதற்கும் குறைவு. நாம் செய்கிற தவறு எல்லாமே அந்தச் சில மணிநேரத்தைத்தான் தின்கிறது.

அதில் பெரிய தவறு தேதி. நம் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போடுகிறோம், அவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்ப்பதே இல்லை. சிங்கப்பூரில் மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை பள்ளி கிடையாது. அந்த நாட்களில் உள்ளூர்க் கூட்டமும் வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துவிடும். நம் கோடை விடுமுறையில் ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் மூன்று வாரமும்தான் நமக்கு வாய்ப்பான இடைவெளி, அதிலும் மே தினத்தையும் வெசாக் (புத்த பூர்ணிமா) விடுமுறையையும் தள்ளிவிட்டு ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துக்கொள்ளுங்கள். காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது அங்கே ஹாலோவீன் பேய் இரவுகள் நடக்கும் காலம். அந்த இரவுகளுக்குத் தனி டிக்கெட், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதும் இல்லை, அதைவிட முக்கியமாக அந்த நாட்களில் பகல் நேரப் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். நீங்கள் முழு நாள் என்று நினைத்து வாங்கியதில் ஒன்றிரண்டு மணி குறைந்துவிடும். அக்டோபர் முதல் வாரம் சீனாவில் நீண்ட விடுமுறை வேறு. அரையாண்டு விடுமுறை என்றால் டிசம்பர், பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், வடகிழக்குப் பருவமழை மூன்றும் ஒன்றாக. வேறு வழியே இல்லை என்றால் மட்டும் போங்கள். பொங்கலை ஒட்டிப் போவது பரவாயில்லை, சீனப் புத்தாண்டு எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, வந்து இறங்கிய அன்றைக்கே போவது. ராத்திரி விமானத்தில் ஏறி விடியற்காலை இறங்கினால் ஒருநாள் ஹோட்டல் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். ஹோட்டலில் அறை கொடுப்பது மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான், அதுவரை சும்மா ஏன் இருக்க வேண்டும், பூங்காவுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை பத்து மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது ஏழரை மணி, அதுவும் தூங்காத ராத்திரிக்கு அப்புறம். மதியம் மூன்று மணிக்குள் அழுகை வந்துவிடும், பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். முதல் நாள் சும்மா சாப்பிட்டு, தூங்கி, சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். பூங்காவை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வையுங்கள்.

அதே மாதிரி, அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள். எங்களுக்கு ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக்கொடுத்த திட்டத்தில் யுனிவர்சல், கேபிள் கார், ராத்திரி நைட் சஃபாரி என்ற இரவு விலங்குப் பூங்கா எல்லாம் ஒரே நாளில் இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும், யுனிவர்சல் இருக்கும் சென்டோசா தீவு தெற்குக் கோடியில், நைட் சஃபாரி இருக்கும் மண்டாய் வடக்கே. அவர் பேருந்து ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை, மாலை ஐந்துக்குத் திரும்ப வண்டிக்கு வரச் சொல்லிவிட்டார். நாங்களாகவே போயிருக்கலாம், அது அவ்வளவு எளிது. தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் தங்குகிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கலாம். மேலே விவோசிட்டி கடைத்தொகுதி, அதன் மூன்றாம் தளத்தில் தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில், போவதற்கு 4 வெள்ளி, முதல் நிறுத்தமே யுனிவர்சல் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. நடக்க முடிகிறவர்கள் பக்கத்து மரப்பாலம் வழியாகக் காசில்லாமல் நடந்தே போகலாம், ஆனால் அன்றைக்கு முழுக்க நடக்கத்தான் போகிறீர்கள், காலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வாசல் திறப்பதற்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். போனதும் எல்லோரும் செய்வது அந்தச் சுழலும் பெரிய பூமி உருண்டைக்கு முன்னால் படம் எடுப்பது. அந்த உருண்டை வாசலுக்கு வெளியே இருக்கிறது, டிக்கெட்கூட வேண்டாம், சாயங்காலம் வெளியே வந்தபிறகு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு, அதைக் கடைத்தெருவிலும் படத்திலும் செலவழித்துவிட்டு, கூட்டம் நிறைந்தபிறகு ரைடு தேடிப் போகிறோம். பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வளையமாக இருக்கிறது, எந்தப் பக்கம் நடந்தாலும் திரும்ப வாசலுக்கு வந்துவிடுவீர்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் என்றால் உள்ளே போனதும் வலப்பக்கம் நியூயார்க் தெருவைத் தாண்டி நேரே டிரான்ஸ்ஃபார்மர்ஸ். சின்னப் பிள்ளைகள் என்றால் இடப்பக்கம் மினியன் லேண்டு, 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள், புதுசு என்பதால் அங்கேதான் முதலில் நெரிசல். நடுப்பகலில் வரிசை நீளும்போது வாட்டர்வேர்ல்டு மாதிரி நேரம் குறித்த காட்சிகளை வைத்துக்கொண்டால் உட்கார்ந்தபடி அரைமணி ஓடிவிடும். அதில் முன்வரிசைகள் நனையும் வரிசைகள், பார்த்து உட்காருங்கள்.

நீண்ட வரிசையில் நிற்காமல் போகத் தனிப் பணம் கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா? வார நாள், அவர்கள் பள்ளி நடக்கும் காலம் என்றால் தேவையில்லை என்பதே என் கருத்து. விடுமுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் அது பணத்துக்கு ஈடாகும், ஆனால் ஆறு பேருக்கும் வாங்காதீர்கள். உயரம் போதாத பிள்ளைக்கும், ரோலர்கோஸ்டர் பக்கமே வராத மாமியாருக்கும் எக்ஸ்பிரஸ் வாங்கினால் டிக்கெட் அளவுக்கான பணம் வீணாகத்தான் போகும். சாதாரண எக்ஸ்பிரஸ் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான் என்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை அதிகம் படுத்தியது அதுதான். ஜுராசிக் பார்க் சவாரியில் வட்டப் படகில் உட்கார வைப்பார்கள், யார் பக்கம் தண்ணீர் அடிக்கும் என்று சொல்ல முடியாது, அடித்தால் உள்ளாடை வரை நனையும். போனதுமே அதில் ஏறிவிட்டு, ஜீன்ஸும் சாக்ஸும் சொட்டச் சொட்ட, அடுத்து குளிரூட்டிய அரங்கத்தில் போய் உட்கார்ந்தோம். பெரியவனுக்கு அன்று ராத்திரி ஜுரம். எல்லோருக்கும் சீக்கிரம் காயும் மெல்லிய உடை, சின்னவர்களுக்கு ஒரு மாற்று உடை, ஒரு மெல்லிய துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, காலுக்குப் பட்டை வைத்த செருப்பு. மழைக்கோட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், உள்ளே விற்கிறார்கள், விலை அதிகம். இந்தச் சவாரியை மதிய வெயிலில், அதற்கப்புறம் வெளியே காய இடமிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கும் இடம் விடுங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிற ஊர், எந்த மாதத்திலும் மதியத்துக்குமேல் இடி மின்னல் வரலாம். மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், பேட்டில்ஸ்டார், ஜுராசிக் இரண்டும் திறந்தவெளி. ஆகவே வெளியே இருக்கும் ரைடுகளை வெயில் இருக்கும்போதே முடித்து, மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரிக் கூரைக்குள் இருப்பவற்றைக் கையிருப்பாக வைத்திருந்தால் மழை வந்தாலும் நாள் போகாது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம், மூன்று மணி மழையில் பேட்டில்ஸ்டார் கைவிட்டுப் போனது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணம் தவிர வெளி உணவு அனுமதியில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகலாம், உள்ளே குடிநீர்க் குழாய் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையில் தேக்காவில் இட்லி தோசை வயிறார முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது, உள்ளே சைவம் கிடைக்கும் என்றாலும் தேர்வு குறைவு. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரை ஒரு மணிக்கு வைக்காமல் பதினொன்றரைக்கே முடித்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் உங்களுக்கு ரைடு வரிசையும் குறையும்.

வயதானவர்களைப் பற்றி ஒன்று. குடும்பம் என்றால் எல்லோரும் ஒன்றாகப் போகத்தான் ஆசை, எனக்கும் அப்படித்தான். ஆனால் மாமனார் முழங்கால் வலியோடு பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் நுழைவாயில் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓஷனேரியத்துக்கு டிக்கெட் வாங்குங்கள், 2025-இல் புதிதாகப் பெரிதாக்கித் திறந்த மீன் காட்சியகம் அது, குளுகுளுவென்று, அவசரமில்லாமல் பார்க்கலாம். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று மட்டும் முன்பே பேசிவையுங்கள், அவர்கள் போனில் இணையம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

விசா விஷயத்தில் கடைசி நேரம் வரை இருக்காதீர்கள், இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். அதற்கு மேல் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

மாலையில் வெளியே வந்து உருண்டை முன்னால் படத்தை எடுத்துவிட்டு, சென்டோசாவிலிருந்து திரும்பும் ரயிலுக்குக் கட்டணம் இல்லை, அதில் விவோசிட்டி வந்துவிடலாம். கீழே ஹார்பர்ஃபிரண்ட் ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். எங்கள் பேருந்தில் சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான், லிட்டில் இந்தியா வரை.