ராக் பாடல் காணொளியை ஷாட் ஷாட்டாகப் படிப்பது எப்படி?

பழகிப் பார்க்க அருமையான காணொளி, அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991, இயக்கம்: சாமுவேல் பேயர்). முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு ஓடினால் வெட்டுகள், அதாவது ஒரு ஷாட் (இடையில் வெட்டில்லாத ஒரு காட்சித் துண்டு) முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள், தாளத்தில் கரைந்துவிடும், கண்ணில் படாது.

அடுத்து ஓர் அட்டவணை போடுங்கள்: நேரம், ஷாட் அளவு (அண்மையா, தூரமா), கேமரா அசைவு, ஒளி, யார் தெரிகிறார். சரணத்தில் 30 விநாடி, பல்லவியில் 30 விநாடி போதும். இரண்டிலும் ஷாட்களை எண்ணி, 30-ஐ அந்த எண்ணால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் வரும். வேகம் எங்கே மாறுகிறது என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒளிக்காகத் தனியே ஒருமுறை. இடம் பள்ளி உடற்பயிற்சிக்கூடம். பழுப்பு மஞ்சள் ஒளியும் புகையும் அதன் பளிச்சென்ற தோற்றத்தை அழித்துவிடுகின்றன. 'மஞ்சள் என்றால் மகிழ்ச்சி' என்று எழுதினால் ஆய்வு அங்கேயே கெட்டது. நிறத்தின் பொருளை அது விழும் இடம்தான் தீர்மானிக்கும்.

பிரதிநிதித்துவத்தில், அதாவது யாரை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் படிப்பதில்தான் அதிகம் சறுக்குவார்கள். சியர்லீடர்களின் (ஆடி உற்சாகமூட்டும் பெண்கள்) கறுப்பு உடையில் அனார்க்கிசக் குறி (வட்டத்துக்குள் 'A', அரசு எதிர்ப்பின் அடையாளம்) இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் 'கலகம்' என்று முடித்துவிடாதீர்கள். யாருக்கு முகம் கிடைக்கிறது, யார் வெறும் உடலாக நிற்கிறார்கள் என்று ஷாட் வாரியாகக் குறியுங்கள். பெண்கள் கலகக்காரர்களா, அலங்காரமா என்பது அதில் தெரியும். துடைப்பத்தோடு ஆடும் துப்புரவுப் பணியாளரையும் விடாதீர்கள், அந்தக் கூட்டத்தில் உழைப்பாளி அவர் ஒருவர்தான். இருக்கையில் இருந்த மாணவர்கள் இறங்கிவரும் நேரத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். இறுதிக்கு அருகே வரும் பாடகர் கர்ட் கோபேனின் முக அண்மைக் காட்சியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.