மலை இறங்கிப் படிக்கப் போகும் பிள்ளைகள்: கல்லூரி தேர்வில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்லூரி நோட்டீஸ் கொடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: எங்கே சேர்ப்பது? பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன் என்பதால் பல வருடங்களாக இந்தப் பேச்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்காகவும் உட்கார்ந்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகச் சொன்ன நான், என் வீட்டில்தான் தவறு செய்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டியலில் கை வைப்பது

பொறியியல் கவுன்சலிங்குக்கு மகள் ஒரு நீள நோட்டில் கல்லூரிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கோட் நம்பர், பாடப்பிரிவு, போன வருட கட்-ஆஃப் என்று மூன்று கட்டம். அவள் முதலில் எழுதியிருந்த கல்லூரி சென்னையில். நான்காவதாக எழுதியிருந்தது கோயம்புத்தூரில். கடைசி நாள் இரவு அவள் தூங்கிய பிறகு, லாகின் என் போனில்தான் இருந்தது என்பதால், நான்காவதைத் தூக்கி முதலில் வைத்தேன். பக்கத்தில் இருக்கட்டும், காய்ச்சல் என்றால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அலாட்மென்ட்டில் கோயம்புத்தூர் வந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சுற்று முடிந்த பிறகு கணக்குப் பார்த்தேன். சென்னைக் கல்லூரியில் அவள் கேட்ட பிரிவு அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க் வரைக்கும் போயிருந்தது. நான் கை வைக்காமல் இருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத பெற்றோர் நிறையப் பேர். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு கட்-ஆஃப். அதை வைத்து ரேங்க். ஒரு சுற்றில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தங்கள் விருப்பங்களை வரிசையாகப் பதிகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் முதல் ரேங்கிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். எந்த இடத்தில் முதலில் சீட் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"கிடைக்காததை முதல்ல போட்டா கிடைக்கிறதும் போயிடும் சார்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்கிறார். அப்படி எதுவும் போகாது. மேலே எழுதியது கிடைக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்காக உங்கள் பிள்ளைக்கு எதுவும் குறைவதில்லை. ஆனால் நிச்சயம் கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் அதோடு பட்டியல் முடிந்தது. கீழே எழுதிய நல்ல கல்லூரிகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் வரிசையை ஆசைப்படி எழுத வேண்டும். கிடைக்குமா என்ற கவலைக்குத் தீர்வு பட்டியலை நீளமாக எழுதுவது. பத்து எழுதிவிட்டு நிறுத்திய பிள்ளைகள் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், கிடைத்தாலும் சேரப் போவதில்லை என்கிற கல்லூரியை எழுதவே கூடாது.

அலாட்மென்ட் வந்த பிறகும் வேலை இருக்கிறது. கிடைத்ததை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே எழுதியது காலியானால் அதற்கு மாறுவதா என்று ஓரிரு நாளில் பதில் சொல்ல வேண்டும். பதிலே சொல்லாவிட்டால் சீட் போய்விடும். மேலே மாற ஒப்புக்கொண்டு அது கிடைத்துவிட்டால் பழைய சீட்டுக்குத் திரும்ப முடியாது. இதுவும் பிள்ளை உட்கார்ந்து படித்துப் பதில் சொல்ல வேண்டிய இடம். நாம் பக்கத்தில் இருக்கலாம்.

போன் நம்பர்

சின்ன விஷயம்தான், ஆனால் மலையில் இதனால் நிறையப் பேருக்குச் சிக்கல் வருகிறது. போன ஜூனில் ஒரு மழை நாளில் பிரவுசிங் சென்டர் வாசலில் ஒரு அப்பா நின்றிருந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்தவர், விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. சான்றிதழ்கள் எல்லாம் ரேஷன் சர்க்கரை வாங்கும் பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருந்தன. ஆனால் பையனின் விண்ணப்பத்தில் கொடுத்திருந்த நம்பர் சென்டர்காரருடையது. அவர் கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தார். ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு. நாலே முக்காலுக்கு அவர் திரும்ப அழைத்தார், தப்பித்தோம்.

பிள்ளையின் சொந்த நம்பரையோ உங்கள் நம்பரையோ கொடுங்கள், அதை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். பல ஹட்டிகளில், அதாவது நம் மலைக் கிராமங்களில், சிக்னல் வீட்டுக்கு வெளியே ஒரு மூலையில்தான் கிடைக்கும், ஜூன், ஜூலை காற்றில் மரம் விழுந்து கரண்டும் போகும். கடைசி நாள் என்று ஒன்று நமக்குக் கிடையாது என்றே நினைத்துக்கொண்டு முதல் நாளே உட்காருவது நல்லது.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பது

எல்லா விண்ணப்பமும் ரிசல்ட்டுக்குப் பிறகுதான் என்று நினைக்கிறோம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். கட்டடக்கலை படிக்க நாட்டா தேர்வு எழுத வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். பொறியியலுக்குப் போட்டாயிற்று, அதிலேயே எல்லாம் வரும் என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. காட்டோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் நம்மிடம் இருக்கிறார்கள். மலை அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்திலேயே வனக் கல்லூரி இருக்கிறது, வனவியலில் பட்டம் படிக்கலாம். பழனி மலைக்குக் கீழே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. காரட், உருளைக்கிழங்கு, பேரிக்காய் என்று பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளையிடம் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடுகிறோம்.

சான்றிதழ்

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். வருமானச் சான்று மட்டும் பழையதாக இருக்கக் கூடாது, சேரும் வருடத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்குச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். இருளர், பணியர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காகக் கெடுவைத் தவறவிடுவதைப் பார்க்க மனசு தாங்காது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் எல்லை தாண்டிக் கேரளத்தில் சில வகுப்புகள் படித்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அட்வான்ஸ் கட்டுவது

தவறுகளில் காசு அதிகம் போவது இதில்தான். "இன்னைக்கு இருபத்தஞ்சாயிரம் கட்டினா சீட் உறுதி, நாளைக்கு இருக்காது" என்று ஒருவர் வீடு தேடி வருவார். நம் ஊர்க்காரராகவே இருப்பார், நல்லவராகவும் இருப்பார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி கொடுக்கிறது. கவுன்சலிங் தொடங்கும் முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் என்னென்ன போகும் என்று அவர் சொல்ல மாட்டார்.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கிடைக்கிற கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை அட்வான்ஸ் கொடுத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். நாலு வருடமும் கட்டினார்கள். கட்டவே வேண்டியிராத பணம்.

நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வர வேண்டும் என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. ரசீது இல்லாமல் பத்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசாமல் இருப்பதும் தவறுதான். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் ஒரு விலை, அடுத்த மாதம் ஒரு விலை. கல்லூரியோ ஆகஸ்டில் மொத்தமாகக் கேட்கும். வருடத்துக்கு நம்மால் எவ்வளவு முடியும் என்று பட்டியல் எழுதும் முன்பே பிள்ளையிடம் தொகையாகச் சொல்லிவிட வேண்டும். மெஸ், பஸ், புத்தகம், லேப்டாப் எல்லாம் சேர்த்து. "நீ படி, அதை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் வருடம் கையைப் பிசைந்தால் அந்தக் குற்ற உணர்ச்சி பிள்ளையின் தலையில் ஏறும். நகையை அடகு வைக்கும் முன் கல்விக்கடன் கேளுங்கள். வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கிடையாது.

நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்வது

நோட்டீஸில் இரண்டு தரச் சான்றுகளைப் போடுவார்கள். நாக் (NAAC) கிரேடு கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. என்பிஏ (NBA) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. நீங்கள் சேர்க்கும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். நோட்டீஸில் ஒரே பையனுக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் போடுவார்கள். அந்தப் பிரிவில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைக் கேட்டால்தான் விவரம் தெரியும்.

முடிந்தால் ஒரு வேலைநாளில் பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டடம் மட்டும்தான் தெரியும். நம் ஊரிலிருந்து போய் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் டீக்கடையில் நில்லுங்கள்.

தினமும் போய் வரலாம் என்ற கணக்கைப் பலர் போடுகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தானே என்று. மலைப்பாதையில் அது போக வர மூன்று மணி நேரம். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும். நமக்கு வடகிழக்கு மழை கொட்டுவதும் அப்போதுதான். 2009 நவம்பர் நிலச்சரிவில் சாலை எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள்.

பெண் பிள்ளை என்றால் மலை இறங்கவே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. கொடைக்கானலில் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கிறது. அவள் கேட்கும் பாடம் அங்கே இருந்து அவளே விரும்பினால் மிக நல்லது. பயத்துக்காக ஒரு பாடத்தை விட்டு இன்னொரு பாடத்தைப் படிக்க வைத்தால் அதை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அது ஆதாரோடு இணைந்த கணக்காக இருக்க வேண்டும்.

முதல் மாதம்

குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் கீழே முதலில் அடிப்பது வெயில். தூக்கம் வராது, தலைவலி, உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டாவது வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும், அழுகை. "வந்துடு கண்ணு" என்று நாம் சொல்லிவிடுகிறோம். என் மனைவியும் சொன்னாள். உடனே கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். அடுத்த சனிக்கிழமை நீங்கள் இறங்கிப் போங்கள். ஒரு டேபிள் ஃபேன், பருத்தித் துணி, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய் ஒரு பகல் கூட இருங்கள். ராகிங், அடி, மிரட்டல் என்று எது தெரிந்தாலும் அது வேறு விஷயம், அன்றைக்கே போக வேண்டும்.

என் மகள் இப்போது மூன்றாம் வருடம். நன்றாகத்தான் படிக்கிறாள். போன மாதம் விருப்பப் பாடம் எடுக்க ஐந்து பாடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். போன் செய்து ஐந்தையும் படித்தாள். எனக்கு ஒன்று மனசில் பட்டது, சொல்லவில்லை. "நீ எதை முதல்ல எழுதியிருக்கே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஏன் அதை முதலில் எழுதினாள் என்று அரை மணி நேரம் சொன்னாள்.