எழுத்து கைவராதவர்களுக்கு அவசர எச்சரிக்கையை எப்படிச் சொல்வது?

"குடிநீரில் மாசு கண்டறியப்பட்டுள்ளதால் பொதுமக்கள் காய்ச்சிப் பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இந்த அறிவிப்பை உரக்கப் படித்துக் காட்டினாலும் பாதிப் பேருக்குப் பிடிபடாது. செய்ய வேண்டிய வேலை கடைசியில் ஒளிந்திருக்கிறது. 'காய்ச்சி' என்றால் லேசாகச் சூடானதும் இறக்கிவிடுகிறவர்களும் உண்டு.

வேலையை முதலில் சொல்லுங்கள்: "குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்காதீங்க. அடுப்புல வைங்க. தளதளன்னு கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். மூடி வச்சு ஆறவிட்டுக் குடிங்க. பல் விளக்கவும் குழந்தைக்குப் பால்மாவு கலக்கவும் இதே தண்ணிதான்." (கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மூன்று நிமிடம்.) காரணத்தை அதன்பின் ஒரே வரியில் சொன்னால் போதும்.

"70 சதவீத வாய்ப்பு" வேண்டாம். "பத்தில் ஏழு தடவை இப்படி நடக்கும்" என்று சொல்லலாம். "500 மீட்டர் தள்ளிப் போங்கள்" என்பதைவிட எல்லோரும் அறிந்த ஓர் இடத்தைக் காட்டி "அதைத் தாண்டிப் போங்க" என்பது மேல். நேரத்துக்கும் அப்படியே: "இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுங்க."

படம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். படிக்காதவர்களுக்குப் படமும் பழகித்தான் புரியும். குழாயின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டால், சிலர் கண்ணில் குழாய் மட்டுமே படும். நான்கு படங்களை வரிசையாக வைத்தால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. ஒரு படத்தில் ஒரு செயல், அதுவும் சரியான செயல் மட்டும். கை வேலையைக் காட்ட கையை மட்டும் வெட்டி வரையாமல் முழு ஆளையும் வரையுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகுதி ஆட்கள் ஐந்தாறு பேரிடம் காட்டிப் பாருங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், படிக்கத் தெரியாததை மறைக்க "கண்ணாடி கொண்டுவரல" என்பதும் வழக்கம். "இதை வீட்ல எப்படிச் சொல்வீங்க? நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும்" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வரியை மாற்றுங்கள்.

குரல் பதிவு அரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். அவர்கள் ஏற்கெனவே நம்பும் ஒருவர் பேசினால் நல்லது. தொடக்கத்திலேயே தேதியையும் கிழமையையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழைய பதிவு வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றும். ஆபத்து நீங்கியதும் அதே குரலில் "இனி குடிக்கலாம்" என்று அறிவித்து, சுவரொட்டிகளை அன்றைக்கே கிழித்துவிடுங்கள்.