பழைய வார்னர் கார்ட்டூன் எந்தப் பிரதி? தொடக்க முத்திரையை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் ஒரே பக்ஸ் பன்னி கார்ட்டூன் இரண்டு இடங்களில் கிடைக்கும். கதை ஒன்றுதான். ஆனால் தொடக்கத்தில் வரும் வட்டங்களின் நிறம், இசை, தலைப்பு அட்டை எல்லாம் வேறாக இருக்கும். இதில் எது தியேட்டரில் முதலில் ஓடியது? என் சேகரிப்பை ஆண்டுவாரியாக அடுக்க உட்கார்ந்தபோது இந்தக் கேள்விதான் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. அதைத் தீர்க்க நான் பின்பற்றும் முறை இது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: படத்தின் வயது வேறு, உங்கள் கையில் இருக்கும் பிரதியின் வயது வேறு. முத்திரை பெரும்பாலும் சொல்வது பிரதியின் வயதைத்தான்.

படி 1: ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள்

எம்பிவி (mpv) என்ற வீடியோ பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளி விசைக்கு ஒரு ஃபிரேம் பின்னே. விஎல்சி பிளேயரிலும் ஆங்கில 'ஈ' (E) விசையால் முன்னே நகரலாம். ஆனால் தாவிப்போன அட்டையைத் திரும்பப் பார்க்கப் பின்னே போயே ஆகவேண்டும். அதற்கு எம்பிவிதான் சரி. தொடக்கத்தின் முதல் அரை நிமிடத்தையும், முடிவு அட்டையையும் படமெடுத்து வையுங்கள்.

படி 2: டிவிக்காரர்கள் ஒட்டியதைப் பிரித்துவிடுங்கள்

1948 ஆகஸ்டுக்கு முந்தைய வண்ணக் கார்ட்டூன்களை 1956இல் அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்ஷன்ஸ் (ஏ.ஏ.பி.) என்ற டிவி விநியோக நிறுவனம் வாங்கியது. அவர்கள் தங்கள் ஏ.ஏ.பி. அட்டையை முன்னால் ஒட்டினார்கள். வார்னரின் கேடய வடிவ முத்திரை அதற்குப் பின்னால் அப்படியே இருக்கும். ஆகவே ஏ.ஏ.பி.யைப் பார்த்ததும் 'மூலத் தலைப்பு போய்விட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம், அடுத்த அட்டைக்கு நகருங்கள். வார்னரின் கார்ட்டூன் வரிசைகள் இரண்டு: லூனி டியூன்ஸ், மெர்ரி மெலடீஸ். இதில் கறுப்பு வெள்ளை லூனி டியூன்ஸின் கதி வேறு. 1955இல் டிவிக்குப் போன அந்தப் பிரதிகளில் வார்னர் முத்திரையையே எடுத்துவிட்டு கில்ட் ஃபிலிம்ஸ், சன்செட் புரொடக்ஷன்ஸ் பெயர்களைப் போட்டார்கள்.

முடிவு அட்டையின் அடியில் 1995 என்ற ஆண்டும், டர்னர் என்ற நிறுவனப் பெயரும் தெரிந்தால், அந்த அட்டை தொண்ணூறுகளில் சேர்த்தது. அதை வைத்து எதையும் கணிக்காதீர்கள்.

படி 3: புளூ ரிப்பனா என்று பாருங்கள்

அதிகம் குழப்பும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள்.

1943 முதல் வார்னர் தன் பழைய வண்ணக் கார்ட்டூன்களை 'புளூ ரிப்பன்' என்ற பெயரில் மறுபடி தியேட்டருக்கு அனுப்பியது. அப்போது பழைய தொடக்கத்தை வெட்டிவிட்டு, நீல ரிப்பன் போட்ட புதுத் தலைப்பு அட்டையைச் சேர்த்தார்கள். வட்டங்களும் தொடக்க இசையும் மறுவெளியீடு நடந்த ஆண்டுக்குரியவை. பெரிய இழப்பு, பெயர்கள்: இயக்குநர், கதாசிரியர், அனிமேட்டர் யார் பெயரும் பெரும்பாலும் இருக்காது. முதலில் லூனி டியூன்ஸாக வந்த படம்கூட மெர்ரி மெலடீஸ் என்ற பெயரோடு திரும்பி வரும்.

டெக்ஸ் ஏவரியின் 1940ஆம் ஆண்டுப் படம் 'எ வைல்ட் ஹேர்' நல்ல உதாரணம். 1944இல் மறுவெளியீடு செய்தபோது தலைப்பு 'தி வைல்ட் ஹேர்' ஆனது. மாற்றம் தலைப்போடு நிற்கவில்லை. பக்ஸ் கண்ணைப் பொத்தி 'யார் சொல்லு' என்று கேட்கும்போது, அவனை வேட்டையாட வந்த எல்மர் நடிகைகளின் பெயரைச் சொல்வான் அல்லவா? மூலத்தில் அங்கே கரோல் லொம்பார்ட் பெயர் வரும். அவர் 1942இல் விமான விபத்தில் இறந்துவிட்டதால், மறுவெளியீட்டில் அதை பார்பரா ஸ்டான்விக் என்று மாற்றினார்கள். தொடக்கம் வெட்டுப்பட்ட பிரதி வந்தாலும் இந்த ஒரு வசனம் போதும், எது எது என்று சொல்லிவிடலாம்.

அனிமேட்டர்களின் பெயரை வெட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதனால் புளூ ரிப்பன் பிரதி கிடைத்தால், மூலத் தலைப்போடு உள்ள பிரதியையும் தேடி வைத்துக்கொள்கிறேன். நல்ல டிவிடி வெளியீடுகளிலும் சில படங்களுக்கு புளூ ரிப்பன் தலைப்பே இருக்கும், மூலம் கிடைக்காததுதான் காரணம்.

படி 4: ஆண்டைப் படியுங்கள்

பல மூலத் தலைப்புகளில் காப்புரிமை ஆண்டு பொடி எழுத்தில் ரோமன் எண்ணாக இருக்கும். எம் ஆயிரம், அடுத்த சி-எம் தொள்ளாயிரம், ஆக முதல் மூன்று எழுத்தும் 1900. மிச்சத்தை மட்டும் படித்தால் போதும்: எக்ஸ்-எல் என்றால் 40, மூன்று எக்ஸ் என்றால் 30, தனி எல் என்றால் 50. எழுத்து மங்கலாக இருந்தால் அடுத்தடுத்த நாலைந்து ஃபிரேம்களைப் பாருங்கள், ஏதோ ஒன்றில் தெளிவாக விழுந்திருக்கும்.

ஆண்டே தெரியாவிட்டால் வேறு தடயங்கள் உண்டு. தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் பெயர் இருந்தால் 1944 வரைதான், அந்த ஆண்டு அவர் ஸ்டுடியோவை வார்னரிடம் விற்றுவிட்டார். கேடயத்துக்குப் பதில் டபிள்யூவும் 7-ம் பிணைந்த சின்னம் இருந்தால் 1967 முதல் 1969 வரை, வார்னர், செவன் ஆர்ட்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்திருந்த காலம். இசையும் உதவும்: மெர்ரி மெலடீஸுக்கு நமக்குப் பழகிய மெட்டு 1936இல் வந்தது, லூனி டியூன்ஸுக்கு 1937இல்.

பின்சேர்க்கை

தன்னிடம் உள்ள நாற்பதுகளின் மெர்ரி மெலடீஸ் கறுப்பு வெள்ளையில் இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த வரிசை 1934இலேயே வண்ணத்துக்கு மாறிவிட்டது. அப்புறம் வந்த படம் கறுப்பு வெள்ளையில் கிடைத்தால், அது வண்ணப் படத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதி. லூனி டியூன்ஸுக்கு இந்த விதி செல்லாது, அது முழுதாக வண்ணத்துக்கு வந்தது 1943இல்தான்.

பாப்பாய்க்கும் இதே முறை சரிவருமா என்று இன்னொருவர் கேட்டார். படி 2 மட்டும் மாறும். பாப்பாய் படங்களையும் ஏ.ஏ.பி.தான் வாங்கியது. ஆனால் அங்கே பாரமவுண்ட் ஸ்டுடியோவின் மலை முத்திரையை எடுத்துவிட்டுத்தான் தங்கள் அட்டையைப் போட்டார்கள். அதனால் மலை தெரியும் பாப்பாய் பிரதி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.