எல்லாக் கட்டங்களிலும் டிக் போடுவதற்கு முன்: பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளில் நாம் செய்யும் தவறுகள்

கல்வியாண்டின் முதல் வாரத்தில் என் மேசைக்கு ஒரு படிவம் வரும். ஓவியம், பாட்டு, நடனம், சதுரங்கம், நீச்சல், கராத்தே, கால்பந்து, நாடகம் என்று எட்டுப் பெயர்கள், பக்கத்தில் எட்டுக் கட்டங்கள். ஐந்து கட்டங்களில் டிக் போட்டு நீட்டிய ஒரு தாயிடம், "பிள்ளை எதைக் கேட்டாள்?" என்றேன். அவர் சற்றுத் திகைத்து மகளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவள். படிவத்தை அவள் பார்க்கவே இல்லை. மேசை அவள் மூக்கு உயரத்துக்கு இருந்தது.

தொடக்கப்பள்ளி ஆசிரியையாக நான் கண்ட தவறுகளில் பாதி அந்த மேசையருகே தொடங்கியவை. அக்கறை குறைந்து அவை வருவதில்லை. அக்கறை மிகுந்துபோய், பிள்ளையின் கையில் இருக்க வேண்டியதை நாம் பிடுங்கிக்கொள்ளும்போது வருகின்றன.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ வல்லுநர்கள். பத்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளியும் போய்வரும் நேரமும் சேர்ந்து எட்டு மணி நேரம். குளிக்க, உடுக்க, சாப்பிட இரண்டரை மணி நேரம், வீட்டுப்பாடத்துக்கு ஒன்று. மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்தான். ஒரு மணி நேர வகுப்பு, அதற்குப் போய்வர முக்கால் மணி என்றால், பிள்ளைக்கென்று இருப்பது முக்கால் மணிதான். அதிலும் இன்னொரு வகுப்பைத் திணித்தால், தரையில் படுத்து எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் போய்விடும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் எழுதிவைத்தது. அதன் 31ஆம் பிரிவு அதற்கென்றே உள்ளது. அந்த உரிமையைப் பறிக்கக் கெட்டவர்கள் தேவையில்லை, நல்ல எண்ணத்தோடு போட்ட கால அட்டவணையே போதும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே காலத்தில் இரண்டு பயிற்சிகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் ஒன்று உடம்பை அசைப்பதாக இருக்கட்டும். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. அதையும் வகுப்பில்தான் தேட வேண்டும் என்பதில்லை. நண்பர்களோடு ஓடிப்பிடித்து விளையாடுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது, வளர்ந்தவர்களின் கருவியைப் பிள்ளை கையில் கொடுப்பது. "பெரியதாகவே வாங்கிவிட்டோம், வளர்ந்த பிறகும் உதவுமே" என்று முழு அளவு வயலினோடு வந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரலை நீட்டும்போதெல்லாம் அவன் தோள் காது வரை ஏறும். இரண்டு மாதத்தில் அவனுக்கு வயலின் என்றால் கழுத்துவலி என்றாகிவிட்டது. கால் அளவு, அரை அளவு வயலின்கள் இருப்பது இதற்காகத்தான். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், அதன் சுருள்முனை முழங்கை லேசாக மடங்கிய நிலையில் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கே எடுங்கள். டென்னிஸில் சிறுவர்களுக்கென்றே மெதுவான பந்துகள் உண்டு: வழக்கமான பந்தைவிட சிவப்புப் பந்து 75 விழுக்காடும், ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடும், பச்சைப் பந்து 25 விழுக்காடும் வேகம் குறைந்தவை. டிரம்பெட், கிளாரினெட் போன்ற ஊதுகருவிகளுக்கு முன்பற்கள் வேண்டும். பால்பற்கள் விழுந்து முளைக்கும் 6 முதல் 8 வயதில், வாயில் இடைவெளியோடு ஊதச் சொல்வது பிள்ளையைத் தோற்கவைக்கும் ஏற்பாடு.

திறமை தெரிகிறது என்றதும் ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் இறக்கிவிடுவதும் பெரிய தவறு. ஒரே அசைவை ஓயாமல் செய்வதால் வரும் காயங்கள், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் நுனிகளைத் தாக்கும். ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்றும் உண்டு: பிள்ளையின் வயது எவ்வளவோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எட்டு வயதென்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

"இசை கற்றால் மூளை வளரும், சதுரங்கம் ஆடினால் கணக்கு வரும்" என்று சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்ற நம்பிக்கை, 1993இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இசை கேட்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். இடம் சார்ந்த சில புதிர்களில் அவர்களிடம் தெரிந்த முன்னேற்றமும் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. இசை இசைக்காகவே போதுமான காரணம். மதிப்பெண்ணுக்காகச் சேர்த்தீர்கள் என்றால், மதிப்பெண் ஏறாத நாளில் வயலினைப் பரணில் ஏற்றிவிடுவீர்கள்.

பரிசு ஆசை காட்டுவதும் இப்படித்தான். 1973இல் ஓர் ஆய்வில், வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய மழலையர்பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதியளவே அந்தக் குழந்தைகள் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. என் வகுப்பில் நட்சத்திர ஒட்டிகளை நான் நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

பிள்ளை "போக மாட்டேன்" என்று சொல்லும்போதுதான் நாம் மிக அதிகமாகச் சறுக்குகிறோம். ஒன்று, அன்றே நிறுத்திவிடுகிறோம். அல்லது "பணம் கட்டியாகிவிட்டது" என்று இழுத்துச் செல்கிறோம். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் புதன்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. புதன் மாலை அவனுக்குக் கராத்தே. இது அவனுக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு நாள் இடைவேளையில், அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். பென்சில் பாதியாகும் வரை சீவிவிட்டுச் சொன்னான்: "பெல்ட் அவிழ்ந்துவிடுகிறது, டீச்சர். எல்லாரும் சிரிக்கிறார்கள்."

அவ்வளவுதான். மறுநாள் பெல்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இடுப்பில் இரண்டு சுற்று, ஒரு முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழுத்து, பிறகு முடிச்சு. என் நாற்காலி முதுகில் கட்டிக் கட்டிப் பழகினான். இரண்டு இடைவேளைகளில் கை பழகிவிட்டது. அடுத்த புதன்கிழமை வயிற்றுவலி வரவில்லை.

எல்லாக் காரணமும் இப்படி முடிச்சளவில் இருக்காது. நீச்சல் கண்ணாடி முடியை இழுக்கலாம், பயிற்சியாளரின் குரல் அச்சுறுத்தலாம், கூட வந்த தோழி வருவதை நிறுத்தியிருக்கலாம். "ஏன் பிடிக்கவில்லை?" என்று நேருக்கு நேர் கேட்டால் பெரும்பாலும் "தெரியாது" என்றுதான் பதில் வரும். "அங்கே போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? அதற்கப்புறம்?" என்று நடந்ததைச் சொல்ல வையுங்கள். சொல்லிக்கொண்டே வருகையில் எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று கவனியுங்கள். சேர்க்கும்போதே "மூன்று மாதம் போவோம், பிறகு நீயே முடிவு செய்" என்று பேசிக்கொள்வதும் நல்லது.

பிள்ளையை அடிக்கிறார்கள், இழிவுபடுத்துகிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்றால் மூன்று மாதப் பேச்சே வேண்டாம். அன்றே வெளியே அழைத்து வந்து, உரியவர்களிடம் புகார் செய்யுங்கள். பெற்றோர் எப்போது வந்தாலும் பார்க்க அனுமதிக்காத வகுப்பில் சேர்க்கவே வேண்டாம். நீச்சல் என்றால் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேட்டுவிடுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளையும் மூழ்கக்கூடும் என்பதால், கற்ற பிறகும் தண்ணீரருகே பெரியவர் ஒருவரின் கண் இருந்தே ஆக வேண்டும்.

நடனம் பெண்ணுக்கு, கால்பந்து ஆணுக்கு என்று பிரிப்பதைப் பற்றி நீட்டிப் பேச எனக்குப் பொறுமையில்லை. பிரிக்காதீர்கள்.

இன்னொன்று, வகுப்பு முடிந்து வரும் வழியில் நாம் கேட்கும் கேள்வி. "ஜெயித்தாயா? எத்தனையாவது இடம்? அவள் என்ன வரைந்தாள்?" வகுப்பின் களைப்போடு வரும் பிள்ளைக்கு இது இரண்டாவது தேர்வு. எனக்குத் தெரிந்த ஒரு தந்தை இதை விட்டுவிட்டு, "எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று மகளிடம் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்தார். அவருக்கு ஆட்டம் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. குதிரை மூன்று கட்டம் நேராகப் போய்ப் பக்கத்தில் திரும்பும் என்று அவள் சொன்னாள். அவர் அப்படியே நகர்த்தினார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணி, "இல்லை அப்பா, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இரண்டுதான்" என்று குதிரையைத் தானே சரியான கட்டத்தில் வைத்தாள்.