மலையகத் திருவிழாக் காலம்: தாயகம் வருவோருக்கு ஒரு வழிகாட்டி

புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் வரும் நம்மவர் பலருடைய பயணத் திட்டத்தில், இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்துக்குக் கிடைப்பது இரண்டு நாள்களே. கண்டியில் தலதா மாளிகை, நுவரெலியாவில் கிரகரி வாவி, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், நடுவே ஒரு புகையிரதப் பயணம் என்று அவ்விரண்டு நாள்களும் கழிந்துவிடுகின்றன. தேயிலை மலைகளைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, அம்மலைகளை உருவாக்கி இன்றும் அங்கேயே வாழ்ந்துவரும் தமிழ் மக்களின் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் அவர்கள் திரும்பிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தத்தையே தந்திருக்கிறது. மலையகத்துக்கு வருவோர் தேயிலைத் தோட்டத்துக் கோவில் திருவிழா ஒன்றையாவது முழுமையாகக் கண்டு செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மற்ற விழாக்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

தை பிறந்தது முதல் மே மாத நடுப்பகுதி வரையுள்ள காலமே தோட்டத் திருவிழாக்களுக்கு உகந்த பருவம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை போன்ற பகுதிகளில் நாள் முழுவதும் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும். செங்குத்தான தோட்டத்துப் பாதையில் தேர் இழுப்பது இயலாத காரியமாகிவிடும். பதுளை, பண்டாரவளை, பசறை அடங்கிய ஊவாப் பகுதிக்கு மழைக்காலம் வேறு என்பதால், ஆடி மாதத்தில் வருவோருக்கு அந்தப் பக்கமே வசதியானது.

நாளைத் தெரிந்துகொள்வதுதான் வெளிநாட்டிலிருந்து வருபவருக்குப் பெரிய சிரமம். பெரிய தோட்டமொன்றில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பல பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கோவிலும் தனித் திருவிழாவும் உண்டு. தோட்டத் தலைவர்மாரும் கோவில் கமிட்டியினரும் ஐயரிடம் நாள் பார்த்து, தோட்ட நிர்வாகத்துடன் விடுமுறை பற்றிப் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி முடிவு செய்த பின்னரே திகதி உறுதியாகும். ஆகவே, விமானச் சீட்டு எடுக்கும்போதே ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் திருவிழாவை நம்பித் திட்டமிட முடியாது. உறவினரோ நண்பரோ அங்கே இருந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். எவரையும் தெரியாதவர்கள் ஹட்டன், தலவாக்கலை, இராகலை, புசல்லாவை, அப்புத்தளை முதலிய நகரங்களில் ஒன்றில் தங்கி, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலோ பூசைச் சாமான் விற்கும் கடையிலோ விசாரித்தால் போதும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களின் வாரக் கடைசிகளில் சுற்றுவட்டாரத்தில் எங்காவது ஒரு தோட்டத்தில் திருவிழா நடந்துகொண்டுதான் இருக்கும். மாலையானதும் ஒலிபெருக்கிச் சத்தமும் மலைச்சரிவில் தெரியும் வண்ண விளக்குகளுமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலான தோட்டங்களில் திருவிழா மாரியம்மனுக்கே எடுக்கப்படுகிறது. கொடியேற்றிக் காப்புக் கட்டுவதோடு தொடங்கி, ஆற்றங்கரையிலோ ஓடைக்கரையிலோ கரகத்தை அலங்கரித்து (இதைக் கரகம் பாலித்தல் என்பார்கள்), அதைத் தலையில் ஏந்திக் கோவிலுக்கு அழைத்து வருவார்கள். அடுத்த நாளில் பாற்குடமும் காவடியும் வரும்; சில கோவில்களில் முதுகில் கொக்கி தைத்து உயரத்தில் தொங்கிவரும் பறவைக்காவடியும், இரவில் தீமிதிப்பும் உண்டு. நண்பகலில் அன்னதானம். மறுநாளோ அன்றிரவோ தேர் புறப்பட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும் நின்று தோட்டம் முழுவதையும் சுற்றி வரும். என் கருத்தில் திருவிழாவின் உயிர் இந்தத் தேர்ப் பவனியில்தான் இருக்கிறது. வாசலைக் கழுவிக் கோலமிட்டு, நிறைகுடமும் விளக்கும் வைத்து, அர்ச்சனைத் தட்டோடு ஒவ்வொரு குடும்பமும் தேர் தம் வீட்டு முன்னால் வந்து நிற்பதற்காக நள்ளிரவு கடந்தும் காத்திருக்கும். கோவிலில் நின்று பார்ப்பதைவிட ஏதாவது ஒரு லயத்து வாசலில் அந்த வீட்டாரோடு நின்று தேரை எதிர்கொள்ளுங்கள். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், வேறு தோட்டங்களுக்கு மணமாகிப் போன பெண்கள், சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் வந்து கூடும் இரவு அது. கடைசி நாளில் மஞ்சள் நீர் விளையாட்டு முடிந்து, கரகத்தை மீண்டும் நீர்நிலைக்குக் கொண்டு சென்று விடுவதோடு (குடிவிடுதல்) விழா நிறைவுறும்.

தப்பு என்னும் தோற்பறையை அடிப்பவர்களுக்கு அருகில் சிறிது நேரமாவது நில்லுங்கள். மலையகத்தின் ஈரக் காற்றில் தப்பின் தோல் சீக்கிரமே தளர்ந்துவிடும். அதனால் ஊர்வலம் நிற்கும் இடத்திலெல்லாம் வைக்கோலையோ பழைய கடதாசியையோ கொளுத்தி, தப்பை அந்தச் சுடருக்கு மேலே பிடித்து மெல்லத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, நாதம் ஏறியதும் மீண்டும் தோளில் மாட்டிக்கொள்வார்கள். கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை உண்டு. விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, அழைக்கவும் ஒரு காலத்தில் இதே தப்பையே அடித்தனர். வேலைக்கு விரட்டிய அதே ஒலி விழாவில் மக்களை ஆட வைப்பதைக் கேட்கும்போது, 200 ஆண்டு வரலாறு காதுவழியே இறங்குவதாக எனக்குத் தோன்றும்.

மாசி மாதத்தில் வருபவர்களுக்குக் காமன் கூத்தைக் காணும் பேறு உண்டு. மாசி அமாவாசையை அடுத்துவரும் மூன்றாம் பிறையில், காமன் பொட்டல் எனப்படும் திடலில் கம்பம் நட்டுத் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமதகனத்தோடு முடிப்பது வழக்கம். இடைப்பட்ட இரவுகளில் மன்மதனும் ரதியும் வேடமிட்டு, தப்புக்கு ஏற்ப ஆடிப் பாடி வீடு வீடாக வருவார்கள். கடைசி இரவில்தான் கதை முழுமையாக விரிகிறது: தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுப்பதும், அவன் மீறிச் சென்று சிவனின் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதியின் புலம்பலும் விடிய விடிய நடக்கும். அந்தப் புலம்பலின்போது பார்த்திருக்கும் பெண்களும் கண்ணீர் விடுவார்கள். வேடமிடுபவர்கள் விரதமிருந்து ஆடுபவர்கள் என்பதையும், இது நேர்த்திக்கடனோடும் வழிபாட்டோடும் சேர்ந்த நிகழ்வு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே குறுக்கே சென்று செல்பி எடுப்பதும், ஒளிவீச்சுடன் படம் பிடிப்பதும் பெரும் இடையூறு. வெட்ட வெளியில், தரையில் அமர்ந்து இரவு முழுவதும் பார்க்க வேண்டியிருப்பதால் கம்பளிச் சட்டையும், காதை மூட ஒரு துணியும், விரித்து உட்கார ஒரு பாயும் அவசியம். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளையும் சில தோட்டங்களில் இன்னும் ஆடுகின்றனர். பாசுபதாஸ்திரம் வேண்டி அருச்சுனனாக ஆடுபவர், நெடிதுயர்ந்த தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறும் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை.

தோட்டத்துக்குச் செல்ல நேரமோ தொடர்போ இல்லாதவர்கள், மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் தேர்த் திருவிழாவுக்குச் செல்லலாம். 108 அடி உயர இராசகோபுரத்தைக் கொண்ட அக்கோவிலிலிருந்து ஐந்து தேர்கள் நகருக்குள் வரும். திகதி பஞ்சாங்கத்திலேயே இருப்பதால் முன்கூட்டித் திட்டமிடவும் முடியும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த முன்னோர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த வாயில் மாத்தளை. அவர்களுடைய வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணமும் ஆகஸ்ட் 12 இல் மாத்தளையிலேயே நிறைவுற்றது. மலையகத்தை வேராகக் கொண்ட குடும்பத்தினர், குறிப்பாக 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், தம் பயணத்தை இந்தக் கோவிலில் தொடங்குவது மிகப் பொருத்தமானது.

பண்டிகைகளுள் மலையகத்தார் பெரிதாகக் கொண்டாடுவது தீபாவளியைத்தான். யாழ்ப்பாணத்தில் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் உள்ள பரபரப்பு இங்கே தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தெரியும். தோட்ட நிர்வாகம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைத்தெருக்கள் நிரம்பிவிடும். அந்தப் பணம் அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது என்பதை அறிந்தவர்கள், அக்கடைத்தெருவில் பிள்ளைக்குச் சட்டை தெரிவு செய்யும் தாயின் கணக்கையும் புரிந்துகொள்வார்கள். பண்டிகைக்கு முந்திய இரண்டு நாள்களில் கொழும்பிலிருந்து வரும் பேருந்துகளில் நிற்கவும் இடமிருக்காது. ஆகவே அதற்கு முன்னரே வந்துவிடுங்கள். தீபாவளி இடைப்பருவ மழைக்காலத்தில் வருவதால் மண்சரிவு எச்சரிக்கைகளையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளுக்கும் புகையிரதப் பாதைக்கும் பெருஞ்சேதம் விளைவித்தது. எந்தப் பருவத்தில் வந்தாலும் பாதையின் நிலையைப் புறப்படும் நாளில் விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

தைப்பொங்கல் வீட்டளவிலும் கோவிலளவிலும் அமைதியாக நடந்து முடிந்துவிடும். சித்திரைப் புத்தாண்டு அப்படியன்று. தமிழரும் சிங்களவரும் ஒரே நாளில் கொண்டாடும் அந்த நாள்களில் தோட்டத்து மைதானங்களில் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரமேறுதல் போன்ற போட்டிகள் களைகட்டும். அதே ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டங்களும் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடப்பதால் அறை வாடகை பல மடங்கு உயர்ந்து, நகருக்குள் வாகனங்கள் நகர முடியாமல் நிற்கும். கொட்டகலையிலோ பண்டாரவளையிலோ தங்கிக்கொண்டு நுவரெலியாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது செலவையும் அலைச்சலையும் குறைக்கும்.

டிசம்பர் போயா (பௌர்ணமி) முதல் மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவம். நான்கு மதத்தாரும் ஏறும் 2243 மீற்றர் உயர மலை அது. நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியை அடையலாம். போயா நாள்களையும் வார இறுதிகளையும் தவிர்த்தால் படிகளில் நெரிசலின்றி ஏற முடியும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருவோருக்குக் கண்டி தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் வாய்க்கும். அதில் கதிர்காமத் தேவாலயத்தின் ஊர்வலம் வரும்போது காவடியாட்டத்தைக் காணலாம்.

தோட்டத்தில் விருந்தினராக நடந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பின் அறியாதவரையும் "வாங்க, உள்ள வந்து ஒக்காருங்க" என்று அழைத்து, தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுக்கும் மக்கள் அவர்கள். அந்த அன்பை ஏற்று அமர்ந்து சாப்பிடுங்கள். "போத்தல் தண்ணீர் மட்டும் போதும்" என்று மறுத்தால் மனம் நோவார்கள். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்றும், மற்றவர்களை அண்ணே, அக்கா என்றும் அழைப்பது அங்கு இயல்பு. அவர்களுடைய பேச்சுத்தமிழைத் திருத்துவதும், சாதியைக் கேட்பதும், "இன்னுமா இந்த லயத்தில் இருக்கிறீர்கள்?" என்று வியப்பதும் வேண்டாம். லயத்து அறைகளையும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் அனுமதி கேளாமல் படமெடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அன்பளிப்புச் செய்ய விரும்புவோர் சிறுவர் கைகளில் பணத்தைத் திணிக்காமல், கோவில் கமிட்டியின் மேசையில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம்; அன்னதானத்துக்கு அரிசியோ பருப்போ மூட்டையாக வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குச் செல்வதானால் சீனி, பால்மா, பிஸ்கட், பழம் பொருத்தமானவை. மதுப் போத்தல் எவ்விதத்திலும் பொருத்தமில்லை. விழா முடியும்வரை தோட்டத்தில் மச்சம் (மீன், இறைச்சி) விலக்கியிருப்பார்கள் என்பதால் விருந்தினரும் அப்படியே இருப்பது மரியாதை.

பயணத்தைப் பொறுத்தவரை, பாதை முழுவதும் இயங்கும் காலத்தில் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் புகையிரதங்களின் முன்பதிவு இருக்கைகள் பண்டிகைக் காலங்களில் திறந்தவுடனேயே தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் ஹட்டனுக்கு நேரடிப் பேருந்தில் வரலாம். நகரத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்து மாலையிலேயே புறப்பட்டுவிடுவதால், தேர் பார்க்கச் செல்லும் முச்சக்கரவண்டியை இரவில் காத்திருந்து திரும்ப அழைத்து வருமாறு கூலி பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் கடுங்குளிராக இருக்கும். மழை பெய்த மறுநாள் தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும். ஒரு சிறு பொதியில் உப்பை வைத்துக்கொண்டால் போதும். மஞ்சள் நீர் விளையாடும் நாளில் விருந்தினரையும் விடமாட்டார்கள் என்பதால், கறை பட்டாலும் பரவாயில்லை என்ற சட்டையையே அன்று அணியுங்கள், கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள்.