சின்னக் குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை: ஏமாறாமல் தேடுவது எப்படி?

பேஸ்புக்கில் "வீட்டிலிருந்தே வேலை" என்று தேடிப் பாருங்கள். பென்சில் பேக்கிங், கையெழுத்தில் பக்கம் எழுதித் தருவது, தினம் இரண்டு மணி நேரம் டேட்டா என்ட்ரி செய்தால் மாதம் 30,000 என்று விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கும். பெரும்பாலும் அங்கே வேலை என்று ஒன்றுமே கிடையாது. வெளியே போக முடியாதவர், சொந்தமாகக் கொஞ்சம் காசு வேண்டும் என்று நினைப்பவர், ஏமாந்தால் வீட்டில் சொல்லத் தயங்குபவர் என்று ஆள் பார்த்து விரிக்கும் வலை அது. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களும் அதில் குறிவைக்கப்படுகிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

நிஜமான வேலைகளும் இருக்கின்றன. ஆனால் அவை அக்கவுண்டன்ட், மொழிபெயர்ப்பாளர், கணக்கு டீச்சர், மெடிக்கல் கோடர் என்று வேலையின் பெயரில்தான் விளம்பரமாகும். வீட்டிலிருந்து செய்யலாம் என்பது உள்ளே ஒரு வரியாக இருக்கும். அதனால் தேடலையும் அந்த வழியில் தொடங்குவோம்.

படி 1: உங்கள் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு வாரத்துக்கு, குழந்தை தூங்கும் நேரம், பள்ளியில் இருக்கும் நேரம், வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளும் நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரண்டு வகை நேரம் தெரியவரும். ஒன்று, கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய நேரம். மற்றது, கம்ப்யூட்டர் முன் உட்காரலாம், ஆனால் எந்த நிமிடமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும் நேரம். முதல் வகை குறைவாக இருந்தால் போனில் பேசும் வேலைகள், அதாவது வாய்ஸ் பிராசஸ், இப்போதைக்கு வேண்டாம். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால் உங்கள் அழைப்புக்குக் கம்பெனி தரும் மதிப்பெண் குறையும். கெடு தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் போதும் என்கிற வேலைகள் இரண்டாம் வகை நேரத்துக்குப் பொருந்தும்.

குழந்தையை யார் எந்த நேரம் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற பேச்சு வேலை கிடைத்த மறுநாளே தொடங்கிவிடும். கணவரோ மாமியாரோ அம்மாவோ, பொறுப்பெடுப்பவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாக்கள் தேடும்போதும் இதேதான்.

படி 2: வேலையின் பெயரை முடிவு செய்யுங்கள்

படிப்பு, பழைய அனுபவம், தெரிந்த மொழிகள் மூன்றையும் எழுதிவிட்டு, கீழே உள்ளவற்றில் எது ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

பி.காம் படித்து, டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சின்னக் கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் பில் பதிவு, ஜிஎஸ்டி தாக்கல் போன்றவற்றை வெளியே கொடுக்கின்றன. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர் 1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. அந்தத் தேதிகளை ஒட்டி வேலை குவியும், மற்ற நாட்களில் மூச்சுவிடலாம். குழந்தைக்கு எந்த நாட்களில் கூடுதல் ஆள் வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய வசதி! உங்கள் ஊர் ஆடிட்டரிடம் நேரில் போய்க் கேட்பதுதான் இதற்கு நல்ல வழி, எந்த ஆப்பும் வேண்டாம்.

ஆன்லைன் டியூஷன் அடுத்தது. கணக்கு, அறிவியலோடு தமிழ் சொல்லித்தரவும் ஆள் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஒரு தாய்மொழிப் பாடம், அங்கே பிள்ளைகள் அதில் தேர்வு எழுதுகிறார்கள். அமெரிக்கா, கனடாவில் உள்ள பெற்றோர் பிள்ளைகள் பேசினால் போதும் என்று தேடுகிறார்கள். இங்கே நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மாலை 6 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. கலிபோர்னியாவில் கோடைக்கால மாலை 6 மணி என்பது நமக்கு மறுநாள் காலை 6.30, அதாவது நீங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் நேரம்.

மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், ஆடியோவைக் கேட்டு எழுதும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆகியவை இரண்டாம் வகை நேரத்துக்கு நன்றாக ஒத்துவரும். யூனிகோடில் வேகமாகத் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிட்டால் வேகம் தானாக வரும். டிரான்ஸ்கிரிப்ஷனில் சம்பளம் ஆடியோ நிமிடத்துக்குத்தான், நீங்கள் உட்காரும் நிமிடத்துக்கு அல்ல. ஒரு மணி நேர ஆடியோவை எழுதப் புதியவருக்கு நாலு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சொன்ன தொகையை நாலால் வகுத்துப் பார்த்து, கட்டுப்படியாகிறதா என்று முடிவு செய்யுங்கள்.

நர்சிங், பார்மசி, உயிரியல் படித்தவர்கள் மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை பக்கம் பார்க்கலாம். சென்னையில் இந்தத் துறை பெரியது. ஆனால் புதியவர்களைப் பெரும்பாலும் முதலில் அலுவலகத்துக்கு வரச் சொல்வார்கள், அனுபவம் வந்த பிறகே வீட்டிலிருந்து செய்ய விடுவார்கள். "கோர்ஸ் முடித்த உடனே வீட்டிலிருந்து வேலை, கேரண்டி" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையத்திலிருந்து விலகியே இருங்கள்.

படி 3: தேடும் இடங்கள்

மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளம் 2015 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்புத் துறைக்குத் தனியார் வேலை இணையம் என்று தனித் தளம் உண்டு. இரண்டும் இலவசம். நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட் ஆகியவற்றிலும் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கென்றே ஹெர்கீ என்ற தளம் இருக்கிறது, முன்பு ஜாப்ஸ்ஃபார்ஹெர் என்று இருந்தது இதுதான்.

லிங்க்ட்இனில் முதலில் வேலையின் பெயரைக் கொடுத்து, இடத்தில் இந்தியா என்று போட்டு, அப்புறம் ரிமோட் என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். இந்தியா என்று போடாவிட்டால் அமெரிக்காவில் இருப்பவர்களை மட்டும் எடுக்கும் வேலைகளும் கலந்து வரும். ஹைப்ரிட் என்றிருந்தால் வாரத்தில் சில நாட்கள் அலுவலகம் போக வேண்டும் என்று பொருள். கிடைத்த தேடலுக்கு அலர்ட் போட்டு வைத்தால் புதிய வேலைகள் மெயிலுக்கே வரும், குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

படி 4: கம்பெனி நிஜமா என்று சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரமே வேண்டாம். "இன்றைக்குள் சேர வேண்டும்" என்று அவர்கள் அவசரப்படுத்தினால் அதுவே நிறுத்த வேண்டிய காரணம்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் பெயரைக் கொடுத்தால், எப்போது பதிவானது, முகவரி என்ன, இயங்குகிறதா என்பதெல்லாம் தெரியும். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது. மோசடிக்காரர்கள் பெரிய கம்பெனியின் பெயரையே எடுத்துக்கொள்வார்கள், எம்சிஏ-வில் அந்தப் பெயர் ஜோராக இருக்கும். அதனால் எதிர்த் திசையிலிருந்தும் சோதிக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், நீங்களாகவே அந்தக் கம்பெனியின் இணையதளத்தைத் தேடிப் போய், வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்குள்ள எண்ணுக்கோ மெயிலுக்கோ கேளுங்கள். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தால் நம்ப வேண்டாம்.

அப்புறம், காசு. பதிவுக் கட்டணம், ஐடி கார்டு, கொரியர், லேப்டாப் டெபாசிட், "பிறகு திருப்பித் தருவோம்" என்ற செக்யூரிட்டி என எந்தப் பெயரில் கேட்டாலும், 99 ரூபாயாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களை வாங்க வேண்டிவரும், அது தளத்துக்கான கட்டணம். அங்கேயும் கிளையன்ட் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடிதான்.

மூன்று வலைகளைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை முதலில் காசே கேட்காது.

டெலிகிராம் டாஸ்க்: யூடியூபில் லைக் போடுங்கள், கூகுள் மேப்பில் ரிவ்யூ எழுதுங்கள் என்று தொடங்கி, முதலில் நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்த பிறகு "முன்பணம் கட்டிச் செய்யும் டாஸ்க்" வரும். போட்ட பணத்தை எடுக்க இன்னும் பணம் கேட்பார்கள்.

படிவம் நிரப்பும் டேட்டா என்ட்ரி: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சில நாட்களில் நூற்றுக்கணக்கான படிவங்களை முடிக்கச் சொல்வார்கள். முடித்தால் "துல்லியம் போதவில்லை, ஒப்பந்த மீறல்" என்று வக்கீல் நோட்டீஸ் வரும், போலீஸ் பேசுவதாக ஒருவர் மிரட்டுவார். பயப்படாதீர்கள். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. பணம் கட்டாமல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள்.

வங்கிக் கணக்கு: "உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பது வேலையே இல்லை. வருவது வேறு யாரோ ஏமாந்த பணம். கணக்கு முடக்கப்படும், விசாரணை உங்கள் மேல் வரும்.

பணம் ஏற்கனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பரிவர்த்தனை எண், போன் எண், சாட் எல்லாம் தயாராக இருக்கட்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் திட்டுவார்கள் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஏமாற்றியவர்தான் குற்றவாளி, நீங்கள் அல்ல.

படி 5: விண்ணப்பமும் இன்டர்வியூவும்

ரெஸ்யூமேயில் இடைவெளியை மறைக்க வேண்டாம். "2021 முதல் 2024 வரை குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று ஒரே வரியில் எழுதுங்கள். லிங்க்ட்இனிலேயே அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே சமீபத்தில் கற்றதையோ செய்ததையோ எழுதினால் போதும். மாதிரிக்கு இரண்டு வேலைகள் கையில் இருக்கட்டும், உதாரணமாக ஒரு பக்க மொழிபெயர்ப்பு அல்லது பத்து நிமிடப் பாட வீடியோ.

தேர்வு என்று இரண்டு, மூன்று பத்தி கொடுத்தால் செய்யலாம். இருபது பக்கம் கொடுத்தால் அது இலவச வேலை, மறுத்துவிடுங்கள்.

குழந்தை இருப்பதைச் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். குடும்ப விவரம் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. எந்த நேரத்தில் கிடைப்பீர்கள் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள்: "காலை 9.30 முதல் 12.30 வரை அழைப்பில் இருப்பேன், மீதியை இரவு 10 மணிக்குள் அனுப்பிவிடுவேன்." பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: ஷிப்ட் என்ன, லேப்டாப் யார் தருவது, கரண்ட் போனால் என்ன செய்வது, சம்பளம் மாதமா அல்லது வேலைக் கணக்கா.

படி 6: சேர்ந்த முதல் மாதம்

ஆஃபர் லெட்டர் கையில் வந்து, மேலே சொன்ன சோதனைகளை முடித்த பிறகுதான் பான் எண்ணும் வங்கி விவரமும். அசல் சான்றிதழை யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் வாங்க ஓடிபியோ யூபிஐ பின்னோ தேவையே இல்லை.

ஃப்ரீலான்ஸ் என்றால் முதல் வேலையைச் சின்னதாக எடுத்து, பணம் வந்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். செலவிட்ட மணி நேரத்தை எழுதி வைத்தால் அடுத்த முறை என்ன விலை சொல்வது என்று தெரியும். சில கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கிட்டு 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அது மோசடி இல்லை. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில், வருமான வரித் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.